செம்புத் தகடு

முப்பரிமாண அச்சுக்காக நைலானை மாவாக அரைக்கும் ஆலை அது. காற்றெல்லாம் வெள்ளை மாவு. ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதனால் வாசலில் பதித்த செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஆலையில் தீப்பிடித்து ஆரோக்கியம் கருகிச் செத்த மறுநாள், மூடிய சவப்பெட்டியைத் தொடுவதற்கு முன்னால், உடன் வேலை பார்த்த ஆறு பேரும் அவன் வீட்டு ஜன்னல் கம்பியை ஒருமுறை தொட்டார்கள். "எதுக்கு அதத் தொடுறீங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி ஃபிலோமினா. "பழக்கம் அண்ணி" என்றான் ஆறு பேரில் ஒருவனான தங்கராசு. "அன்னிக்கு அவரு தகட்டத் தொட்டாரா? மறந்துட்டாருன்னு மேனேஜர் சொல்றாரு." "தொட்டாரு அண்ணி. எனக்கு முன்னாடிதான் தொட்டாரு." சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது தகட்டிலிருந்து மண்ணுக்குப் போகும் எர்த் கம்பி அறுந்ததும், எட்டு மாதமாக அது அப்படியே தொங்குவதும் ஆறு பேருக்கும் தெரியும். ஆலை மறுபடி திறந்த அன்றும் கம்பி அப்படியேதான் தொங்கியது. அவர்கள் வரிசையில் நின்று, ஒவ்வொருவராகத் தகட்டில் கை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். தங்கராசு மட்டும் கையைச் சற்று நேரம் எடுக்காமல் நின்றான்.