பக்கத்து இருக்கை

மூன்று மணி வெயில் காரின் முன்கண்ணாடியில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்கிறது. பார்வை மங்கிவிட்டது, இனி ஓட்டக் கூடாது என்று கண் மருத்துவர் சொல்லி ஒரு மாதமாகிறது. வண்டியை வாங்கியவர் சற்று நேரத்தில் வந்து எடுத்துப்போவார். ஓய்வுபெற்ற நில அளவையாளர் முதன்முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து டேஷ்போர்டு பெட்டியைக் காலி செய்கிறார். ஓட்டுநர் இருக்கையில் மனைவி, மடியில் துணிப்பையை விரித்துப் பிடித்தபடி. பழைய ரசீதுகளும் கால் உடைந்த மூக்குக்கண்ணாடியும் பைக்குள் விழுகின்றன.

"இது எத்தனாவது வண்டிங்க?"

"ஆறாவது." அவர் கை நிற்கிறது. கல்யாணமான புதிதில் வாங்கிய மோட்டார் சைக்கிள் மழை பெய்தால் கிளம்பாது; இருவரும் நனைந்துகொண்டே தள்ளுவார்கள். மகனை முன்னால் நிறுத்திப் பள்ளிக்குக் கொண்டுபோனது ஸ்கூட்டர். மகள் பிறந்தது நீலக் காரின் பின்சீட்டில், மருத்துவமனைக்கு இரண்டு தெரு முன்னால். அப்புறம் வந்த இரண்டின் நிறம்கூட நினைவில்லை. ஒன்று போனால் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"இனிமே ஒண்ணும் வராதுல்ல," என்கிறார்.

மனைவி ஸ்டீயரிங்கில் படிந்த தூசியை விரலால் துடைக்கிறாள்.

கைநழுவிய பேனாவை எடுக்க அவர் குனிகிறார். காலடியில் கிடக்கும் ரப்பர் விரிப்பு ஓரிடத்தில் மட்டும் வழவழவென்று தேய்ந்து, பாத அளவுக்குக் குழிந்திருக்கிறது.

"இங்க மட்டும் ஏன் இப்படித் தேஞ்சு கிடக்கு?"

"நீங்க ஓட்டுற வேகத்துக்கு, பதினாலு வருஷமா நானும்தான் பிரேக் போட்டுக்கிட்டு வரேன்."

வெளியே கேட் திறக்கும் சத்தம் கேட்கிறது. அவர் நிமிராமல், செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அந்தக் குழிவில் வைத்து அழுத்துகிறார்.