ஐம்பத்தெட்டு கிலோ மூட்டை

தொப்பென்று சத்தம் கேட்டதும் கோமளா சமையலறையிலிருந்து பாய்ந்து வந்தாள்.

"ஏன்னா, மறுபடியும் மூட்டையைப் போட்டேளா? கீழ்வீட்டு கோவிந்தப்பா நேத்தே கன்னடத்துல 'ஏனம்மா, பூகம்பவா?'ன்னு கேட்டுட்டுப் போனார்!"

அறுபத்தேழு வயது வரதன் அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தோளில் ஏற்றினார்.

"மல்லேஸ்வரத்துல உங்க வயசுக்காரா எல்லாம் பார்க்குல நடக்கறா. நீங்க ஜிம்முல இரும்பைத் தூக்கறது போறாதுன்னு ஆத்துக்கு வந்தும் மூட்டை! ஆறு வருஷமா இதே கூத்து!"

"நடுவுல விட்டா சதை கரைஞ்சுடும்டி. இந்த வயசுல திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்னு மாஸ்டர் சொல்றார்."

"கரைஞ்சா கரையட்டும். அதை வச்சுண்டு என்ன பண்ணப் போறேள்?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. மாலை மாத்தறச்சே சௌம்யாவைத் தோள்ல தூக்கறதுக்கு நான் ஒருத்தன்தானே தாய்மாமன்?"

கோமளா தலையில் அடித்துக்கொண்டாள். "அவளுக்கு முப்பத்தாறு வயசாறது. கல்யாணமே வேண்டாங்கறா. மாப்பிள்ளைகூடப் பார்க்கலை!"

"நாளைக்கே சரின்னுட்டா? அன்னிக்கு மாமாவால முடியலைன்னு நான் நிக்கக்கூடாது."

"உங்களோட மாரடிக்க என்னால ஆகாது" என்று முணுமுணுத்தபடி அவள் உள்ளே போனாள்.

வரதன் மூட்டையை இறக்கியபோது, கோமளா ஒரு தூக்கு நிறைய அரிசியோடு திரும்பி வந்தாள். மூட்டையின் வாயை அவிழ்த்து உள்ளே கொட்டினாள்.

"ஞாயித்துக்கிழமை கோவில்ல அவளைப் பார்த்தேன். இன்னும் ரெண்டு கிலோ ஏறியிருக்கா."