கயிற்றுக்கு அந்தப் பக்கம்

பிச்சாவரத்து வாய்க்காலின் குறுக்கே கட்டிய நைலான் கயிற்றின் முன் படகு நிற்கிறது. சுனாமியன்று கைக்குழந்தையை முந்தானையில் கட்டிக்கொண்டு அந்தோணிமேரி தொற்றிக்கிடந்த சுரபுன்னை மரம், அதோ அந்த வளைவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. "இதுக்கு மேல காப்புக்காடு, உட மாட்டாங்கக்கா," என்கிறான் படகோட்டி. "ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாம் தம்பி." அவன் தலையாட்டி மறுக்கிறான். இலைகளின் வழியே வெயில் துண்டுதுண்டாகச் சேற்றுத் தண்ணீரில் விழுகிறது. அன்றைய கைக்குழந்தை நித்யா மேரி, அடுத்த வாரம் கல்யாணமாகிக் குவைத்துக்குப் போகிறவள், பக்கத்து மரத்தைக் காட்டுகிறாள். "எல்லாம் ஒரே மாதிரிதானம்மா இருக்கு. இதுகிட்டயே போட்டோ எடுத்துக்கலாம்." அந்தோணிமேரி எட்டிக் கயிற்றைப் பற்றுகிறாள். படகோட்டி திரும்பத் துடுப்புப் போடுகிறான்; படகு நகரவில்லை. "கயித்த உடும்மா," என்கிறாள் மகள். அந்தோணிமேரியின் பிடி இன்னும் இறுகுகிறது.