ராணியின் தொண்டை

"இன்னும் பெரிசாத் திற. ஆ சொல்லு" என்றாள் டாக்டர்.

அவள் நாத்தனார் சொன்னாள். எண்ணெய் காணாத கதவு திறக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

பக்கத்து நாற்காலியின் நுனியில் நாடக இயக்குநர் உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. நாளை மாலை அரங்கேற்றம். முழு நீள இசை நாடகம். பாதிப் பாட்டு, ராணி வேஷம் போடும் நாத்தனாருக்குத்தான். அந்த ராணியின் குரல் காலையிலிருந்து கட்டிக் கிடக்கிறது.

ராணிக்கு ஏதாவது ஆனால் பாட வேண்டிய மாற்று ஆள், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இந்த டாக்டரேதான்.

நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு இந்த நாடக ஆசை பிடித்தது. பகலெல்லாம் ஊரார் தொண்டையைப் பார்ப்பாள். சாயங்காலம் தன் தொண்டையைப் பழக்குவாள். மகள் வயதுப் பெண்களோடு நின்று ஆடக் கற்றாள். முட்டிக்குத் தைலம் தேய்த்தபடியே வசனத்தை நெட்டுருப் போட்டாள். "அடுத்தது சர்க்கஸா?" என்று கேட்ட கணவர், பிறகு தானே காபி போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்.

ஒவ்வொரு நாடகத்திலும் நாத்தனார்தான் கதாநாயகி. டாக்டர், சந்தைக் கூட்டத்தில் கூடையோடு போகிறவள்.

மாற்று ஆள் என்றால், முழு வேஷத்தையும் மனப்பாடம் செய்துவிட்டு அடுத்தவளின் ஜலதோஷத்துக்காகக் காத்திருப்பது. நாத்தனாருக்கோ மழையில் ஊறினாலும் ஒரு தும்மல் வராது.

இனி காத்திருக்கவும் வழியில்லை. அடுத்த நாடகத்துக்குச் சின்ன வயதுக்காரர்கள் மட்டும் போதும் என்று போன வாரம்தான் இயக்குநர் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார்.

"மறைக்காம சொல்லுங்க டாக்டர்" என்றார் அவர் இப்போது. "ஒரு ஊசி போட்டா நாளைக்குப் பாடிடுவாங்களா? உங்களை நம்பித்தான் கூட்டிட்டு வந்தேன். உங்களுக்குத்தான் பொய்யே வராதே. அதனாலதானே நடிப்பும் வரமாட்டேங்குது!"

நாத்தனார் திறந்த வாயோடு அவரை முறைத்தாள்.

டாக்டர் நாக்கை அழுத்திப் பிடித்துப் பார்த்தாள். காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைச் சூடுகாட்டி உள்ளே விட்டுப் பார்த்தாள். அவசரப்படாமல் மறுபடியும் பார்த்தாள்.

பாடலாம் என்று சொன்னால், கூடை. கூடாது என்றால், ராணி. ஆனால் ஊர் சும்மா இருக்குமா? சொந்த நாத்தனார் வாயைக் கட்டிவிட்டு வேஷத்தைத் தட்டிப் பறித்தாள் என்பார்கள். இத்தனை வருடம் கட்டிக் காத்த பேர், ஒரு பாட்டுக்குப் போய்விடும்.

டார்ச்சை அணைத்தாள்.

"நல்லா சிவந்து வீங்கியிருக்கு. மூணு நாளைக்குப் பாடவும் கூடாது, பேசவும் கூடாது. மீறினா குரலே போயிடும்."

இயக்குநர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். அவள் கண் இமைக்கவில்லை.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெருமூச்சு விட்டவர், போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

நாத்தனார் டாக்டரின் கையை இறுகப் பிடித்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, நிஜமாவே வீங்கியிருக்கா? காலையிலேருந்து கரகரன்னு பேசினதுக்கேவா?"

கணீரென்று வந்தது குரல்.

"பச்சைக் குழந்தைத் தொண்டை மாதிரி இருக்குடி உனக்கு" என்றாள் டாக்டர். "வாயை மூடு. அவர் காதுல விழப்போகுது."

வெளியே இயக்குநர் தையற்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ராணி டிரஸ்ஸை இடுப்புல பிரிச்சு விடணும்ப்பா... ரெண்டு இன்ச்சா? வேண்டாம், மூணாவே விட்டுடு."