முதல் குழாய்

காசநோய் சோதனை வண்டியில் பெனிட்டா தினமும் காலையில் கருவியில் முதலில் போடுவது வெறும் தண்ணீர் நிரப்பிய சோதனைக் குழாயைத்தான். அதில் கிருமி இல்லை என்று கருவி சொல்லிவிட்டால், அன்றைக்கு அதை நம்பி ஊர்க்காரர்களின் சளியைப் போடலாம். ஆனால் பெயரும் வயதும் கொடுக்காமல் அந்தக் கருவி ஓடாது. அதனால் எட்டு மாதமாகத் தண்ணீருக்கு ஒரே பெயரைத் தட்டிவருகிறாள்: செண்பகாதேவி, முப்பத்திநாலு. வாயில் வந்த பெயர்.

இன்றைக்குச் செண்பகாதேவிக்குக் கிருமி இருக்கிறது என்றது கருவி.

எங்கோ கை பட்டிருக்கும் என்று மேசையைத் துடைத்தாள். கையுறையை மாற்றி, புதுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மறுபடி போட்டாள். முதலில் கொஞ்சம் என்று காட்டியது, இப்போது அதிகம் என்று காட்டியது.

வண்டிக் கதவருகே இருமல் கேட்டது. முந்தானையால் வாயைப் பொத்தியபடி ஒரு பெண் நின்றிருந்தாள்.

"பேரு சொல்லுங்கக்கா."

"செண்பகாதேவி. முப்பத்திநாலு."

பெனிட்டா கருவியின் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க இன்னும் சளியே குடுக்கலையே."

"தினமும் முதல்ல என்னைத்தானே பாக்குறீங்க? இத்தனை நாள் ஒண்ணுமில்லேன்னீங்க."

நோய் உறுதியானவர்களிடம் கேட்கும் கேள்வி பழக்கத்தில் தானாக வந்துவிட்டது. "கூட யார் யார் இருக்காங்க? அவங்களையும் சோதிக்கணும்."

அந்தப் பெண் வண்டிக்குள் ஏறி, வழக்கமாக உட்காரும் இடம்போல மூலை ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"எட்டு மாசமா நீங்க மட்டுந்தான்."