தயிர்சாதத்துக்கு ஒரு பாட்டு

மூக்கண்டப்பள்ளி வீட்டின் ஜன்னல் வழியே விழும் மத்தியான வெயில் லிபியாவின் தட்டில் வந்து நிற்கிறது. தயிர்சாதம் ஓரத்தில் காய்ந்து இறுகுகிறது. எதிரே அம்மா சாராள் தன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். அவளுக்கும் ஒரு வாய் இறங்கவில்லை. சோற்றைக் கண்டாலே மிரளும் பிள்ளைக்குப் பக்கத்தில் மெதுவாகப் பாட்டு ஓடட்டும், பதட்டம் அடங்கும், தட்டை மட்டும் உற்றுப் பார்க்காதீர்கள் என்று கவுன்சிலிங் கொடுக்கிற பெண் சொல்லியனுப்பியிருக்கிறாள். அதனால் போனில் சர்ச்சில் பாடும் சபைப் பாட்டு ஓடுகிறது, சாராள் சுவர்க் காலண்டரைப் பார்க்கிறாள். எத்தனை நாளைக்குத்தான் காலண்டரையே பார்ப்பது? ஓரக்கண்ணில் லிபியாவின் விரல்கள் ஒரு சின்ன உருண்டையை உருட்டுகின்றன, உதடுவரை கொண்டு போகின்றன, அப்படியே தட்டுக்குத் திரும்புகின்றன. "இன்னும் என்னதான் கண்ணு பண்ணணும்? பாட்டுதான் போட்டிருக்கனே!" அடக்கி வைத்தது வெடித்துவிடுகிறது. தெருவில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறது. லிபியா தலை நிமிராமல் சொல்கிறாள். "இது உபவாசக் கூட்டத்துப் பாட்டும்மா. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் பூரா சாப்பிடாம இதத்தான் பாடிக்கிட்டிருந்தேன். நீதான எல்லார்கிட்டயும் பெருமையா சொன்ன." சாராள் எச்சில் கையோடு போனை எடுத்து அடுத்த பாட்டுக்குத் தள்ளுகிறாள். அடுத்ததும் உபவாசப் பாட்டு. அதற்கடுத்ததும் அதுதான். எல்லாம் அவளே ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்தவை. விரல் தள்ளத் தள்ளத் திரை முழுக்கத் தயிர் இழுகிக்கொண்டே போகிறது. சாப்பிடுகிற பிள்ளைக்குப் போட அதில் ஒரு பாட்டு இல்லை.