அருளாயி இந்த வருஷம் விட்டது

இந்தத் தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் விரதத்தில், அருளாயி எதையும் விட்டதாகத் தெரியவில்லை.

போன வருஷம் காப்பியை விட்டாள். அதற்கு முந்தின வருஷம் வெற்றிலையை. அதற்கும் முன்னால் சாயங்கால சீரியலை. கதாநாயகிக்குப் பிள்ளை பிறந்ததுகூடத் தெரியாமல், நாற்பது நாளும் செபமாலையும் கையுமாக அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த வருஷம் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று கோயிலிலிருந்து நெற்றிச் சாம்பலோடு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அகல்யா, ஒரு காப்பி போடுத்தா. சீனி தூக்கலா."

அவள் கணவர் சந்தியாகு பேப்பரை இறக்கினார். "என்ன, இந்த வருஷம் ஆண்டவருக்கு ஒண்ணும் கெடையாதா?"

"அது எனக்கும் அவருக்கும். நீங்க பேப்பரைப் பாருங்க."

தெருச் செபக் கூட்டத்தில் பேச்சாகிவிட்டது. "பேத்தி வளர வளர அருளாயியக்காவுக்குப் பக்தி கொறைஞ்சிருச்சு. முறுக்கு திங்கிறாகளாம், வெத்தலை போடுறாகளாம்!"

மருமகள் அகல்யாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவளுடைய கவலை மறுநாள்தான் ஆரம்பித்தது.

சுண்டைக்காய்க் குழம்பில் ஞாபகமில்லாமல் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டாள். கண்டரமாணிக்கத்திலிருந்து காரைக்குடிக்கு வாழ வந்த ஐந்து வருஷத்தில், இதற்கு என்ன கிடைக்கும் என்பது அவளுக்கு மனப்பாடம். 'உங்க கண்டரமாணிக்கத்துல உப்பை ஓசியிலயா குடுக்குறாக?' என்று தொடங்கி, அவளுடைய அம்மாவைத் தொட்டு, அம்மாச்சி வரை போய், சரியாகக் கழுவாத பால் சட்டியில் வந்து முடியும்.

தயாராக நின்றாள்.

அத்தை ஒரு வாய் சாப்பிட்டாள். கண்ணை மூடினாள். திறந்தாள்.

"நல்லாருக்குத்தா."

அகல்யா கையைக்கூடத் துடைக்காமல் அடுப்படிக்கு ஓடினாள். மஸ்கட்டில் இருக்கும் கணவனுக்குப் போன் போட்டாள். "உங்க அம்மாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு. என்னையத் திட்டவே மாட்டேங்கிறாக."

"அதுக்கா அழுவுற?"

அடுத்து தன் அம்மாவுக்குப் போட்டாள். அம்மா குரலைத் தாழ்த்தினாள். "திட்டுறவுக திடீர்னு நிப்பாட்டுனா நல்லதுக்கில்லடி. ஒன்னையத் தனியா வைக்கப் போறாக. எங்க மாமியா அப்படித்தான் செஞ்சாக."

தனிக்குடித்தனமா! நாலு வயசு மகள் சகாயா, அப்பத்தா தட்டிக் கொடுக்காமல் தூங்காது. அதுவாவது பிள்ளை. அத்தை திட்டும் குரல் கேட்காத வீட்டில் தனக்கும் சோறு இறங்காது என்பது அகல்யாவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

எப்பாடு பட்டாவது அத்தையைத் திட்ட வைத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

முதல் வாரம் முழுக்க உப்பு. இரண்டாவது வாரம் ரசத்தில் காப்பித்தூள். சந்தியாகு மட்டும் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இது காலைக்கா, மத்தியானத்துக்கா?" என்று கேட்டார். அத்தை இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டாள்.

மூன்றாவது வாரம், பூசைக்கு எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சேலையில் சொட்டுநீலத்தைத் திட்டுத்திட்டாக ஊற்றிக் காயப்போட்டாள். அத்தை விரித்துப் பார்த்தாள். உதடு துடித்தது.

"மாதாவுக்குப் புடிச்ச கலரு" என்று சொல்லி, அதையே கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்வந்தாள்.

நான்காவது வாரம் அகல்யா அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"என்ன தொந்தரவு?"

"திட்ட மாட்டேங்கிறாக டாக்டர்."

டாக்டர் முதலில் அகல்யாவை நன்றாகப் பார்த்தார். பிறகு அத்தையின் கையில் பட்டையைச் சுற்றினார். "பிரஷர் கூடியிருக்கே. வீட்டுல உப்பு அதிகமோ?"

அத்தையின் வாய் திறந்தது. அகல்யா ஆசையோடு நாற்காலி நுனிக்கு வந்தாள்.

அத்தை கழுத்துச் சிலுவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "இல்லைங்க. எம் மருமக அளவாத்தான் போடுவா."

அந்தப் பொய்க்காக வெள்ளிக்கிழமை சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அன்றிலிருந்து அகல்யா உப்பைக் குறைத்தாள். பயத்தைத்தான் குறைக்க முடியவில்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறன்று அத்தை வேறு, "பெரிய நாளு வரட்டும். ஒன்கிட்டக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டாள். எந்த இட்லிச் சட்டி தன் சீரில் வந்தது என்று அகல்யா அடுக்கில் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஈஸ்டர். காலைப் பூசை முடிந்து எல்லோரும் இலையில் உட்கார்ந்தார்கள். இட்லியும் கறிக்குழம்பும்.

அத்தை ஒரு வாய் வைத்தாள். கை நின்றது.

"ஏத்தா, உங்க கண்டரமாணிக்கத்துல உப்புக்குப் பஞ்சமா? சப்புன்னு இருக்கு! அன்னைக்குச் சுண்டைக்கா கொழம்புல மூட்டையக் கவுத்தியே, அதுல கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கக் கூடாது? ரசத்துல காப்பித்தூளு போட எந்த ஊருல படிச்ச? உங்க அம்மாவா சொல்லிக் குடுத்தாக, அம்மாச்சியா? எஞ் சேலைய என்னன்னு நெனச்ச, வானமுன்னா? அந்தப் பால் சட்டி..."

நாற்பது நாள் பாக்கியும் தேதி வாரியாக வந்தது. சகாயா கை தட்டியது.

அகல்யா கரண்டியோடு ஓடிவந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். "பேசணும்னீகளே, அது இதுதானா? அப்ப என்னையத் தனியா வைக்கலையா?"

"எவடி சொன்னா? விடு, கொழம்பு சிந்துது."

சந்தியாகு வாயைப் பிளந்தார். "அடியே, இதைத்தான் விட்டிருந்தியா?"

அகல்யா மூக்கை உறிஞ்சினாள். "எம்மேல எரக்கப்பட்டா அத்தை இம்புட்டு நாளும் பொறுத்தீக?"

"எரக்கமா? ஒம்மேலயா? நல்லாருக்கே!" அருளாயி அடுத்த இட்லியைப் பிட்டாள். "சாம்பல் புதன் பிரசங்கத்துல சாமியார் சொன்னாரு. காப்பி, வெத்தலையெல்லாம் பத்தாதாம். ஒலகத்துலயே ஒனக்கு எது ரொம்பப் புடிக்குமோ, அதை விடுன்னாரு."